மாவுக்கட்டு தேவையா?

திடலில் ஓடும்போது கால் தடுக்கினால், முதலில் முன்னே நீளுவது நம் கைதான். முகத்தைக் காக்க உள்ளங்கை தரையில் ஊன்றுகிறது; உடலின் எடை ஒரே நொடியில் மணிக்கட்டின் மீது இறங்குகிறது. சிறுவர்களுக்கு மணிக்கட்டிலும் முன்கையிலும் எலும்பு முறிவு அடிக்கடி ஏற்படுவதற்கு இதுவே காரணம். முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றுள் பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. மணிக்கட்டை ஒட்டிய அதன் நுனிப்பகுதிதான் பெரும்பாலும் அடிபடுகிறது.

‘முறிவு’ என்றதும் எலும்பு இரண்டு துண்டாகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்களின் எலும்பு காய்ந்த சுள்ளியைப் போன்றது; அளவுக்கு மீறி வளைத்தால் படக்கென்று ஒடியும். சிறுவர்களின் எலும்போ பச்சைக் கொம்பைப் போன்றது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழி எலும்புக்கும் பொருந்தும் போலும்! வளரும் எலும்பு சற்று வளைந்து கொடுக்கும். அதைச் சுற்றியுள்ள சவ்வும் தடிப்பாக இருக்கும். எனவே, எலும்பு முழுவதும் ஒடியாமல் ஓரிடத்தில் மட்டும் நசுங்கிப் புடைப்பதுண்டு. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி மேசைமேல் நிறுத்தி, மேலிருந்து அழுத்திப் பாருங்கள். குழாய் உடையாது, அதன் சுவர் ஓரிடத்தில் மடிந்து வெளியே புடைக்கும். இத்தகைய காயத்தைப் புடைப்பு முறிவு எனலாம்.

புடைப்பு முறிவில் எலும்பு இடம் விட்டு நகர்வதில்லை. வலிக்கும், சற்று வீங்கும். ஆனால், கை கோணலாகத் தெரியாது. இதனால் வீட்டில் பலர் இதைச் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவி நீவிவிடத் தொடங்குவர். அது வலியைத்தான் கூட்டும். அடிபட்ட கையில் வளையல், மோதிரம், கைக்கயிறு ஏதேனும் இருந்தால், வீக்கம் பெருகும் முன்னரே கழற்றிவிட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். சுருட்டிய நாளிதழை முன்கைக்கு அடியில் தாங்கலாக வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்குச் செல்லலாம். எந்த வகை முறிவு என்பதை எக்ஸ்ரே படம்தான் காட்டும்.

புடைப்பு முறிவுதான் என்று உறுதியானால், கையை மாவுக்கட்டில் அசையாமல் வைக்க வேண்டுமா? பிரிட்டனில் 23 மருத்துவமனைகளைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். 4 முதல் 15 வயது வரையிலான 965 சிறுவர்கள் இதில் பங்கேற்றனர். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வெறும் துணிக்கட்டு அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கை அசையாதபடி கெட்டியான தாங்குபட்டையோ மாவுக்கட்டோ போடப்பட்டது. மூன்றாம் நாள் வலி எவ்வளவு என்று கேட்டபோது, சிறுவர்கள் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரையப்பட்ட படங்களில் ஒன்றைக் காட்டிப் பதில் கூறினர். இரு பிரிவினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கையைப் பயன்படுத்தும் திறனும் இரு பிரிவினருக்கும் ஒன்றுபோலவே திரும்பியது. இம்முடிவுகள் 2022இல் வெளியாயின.

ஆயினும், துணிக்கட்டு பெற்ற சிலர் பிறகு கெட்டியான தாங்குபட்டைக்கு மாறிக்கொண்டனர். இது வியப்பன்று. எலும்பு முறிந்த பிள்ளையைத் துணிக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினால், “டாக்டர் சரியாகப் பார்க்கவில்லையோ?” என்று பெற்றோருக்குத் தோன்றத்தானே செய்யும்! மாவுக்கட்டிலும் தொல்லைகள் உண்டு. வெப்பமான நம் ஊரில் உள்ளே வியர்த்து அரிக்கும். குளிக்கும்போது நனையாமல் காக்க வேண்டும். அகற்றுவதற்கு மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லா முறிவுகளையும் இப்படி எளிதாக விட்டுவிட முடியாது. சில சமயம் எலும்பின் ஒரு பக்கம் விரிசல் கண்டு, மறுபக்கம் வளைந்து நிற்கும். வளைந்த பச்சைக் குச்சியைப் போல இருக்கும் அதற்குப் பெரும்பாலும் மாவுக்கட்டு தேவைப்படும். எலும்பின் நுனியருகே வளர்ச்சித் தட்டு என்ற பகுதி உள்ளது. எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். அங்கே அடிபட்டிருந்தால் மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பார். கை கோணலாகத் தெரிந்தாலும், விரல்கள் மரத்தாலும், நீலம் பாய்ந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

புடைப்பு முறிவு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். கட்டைக் கழற்றிய பின் மணிக்கட்டு சில நாள் விறைப்பாக இருக்கலாம். அன்றாட வேலைகளைச் செய்யச் செய்ய அது தளர்ந்துவிடும். காற்பந்துக்கும் மிதிவண்டிக்கும் மட்டும் மருத்துவர் சொல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.