கேள்வி: செவிவழிக் கற்றலின் பெயர்

"கல்வி கேள்விகளில் சிறந்தவர்" என்னும் தொடர் பாராட்டுரைகளில் இன்றும் வழங்குகிறது. அதிலுள்ள 'கேள்வி' வினாவைக் குறிப்பதன்று. கற்றறிந்தவர் நூற்பொருளை எடுத்துரைக்க, அதைச் செவியால் ஏற்று அறிவதையே குறிக்கிறது. திருக்குறள் கல்வி, கல்லாமை, கேள்வி என 40, 41, 42ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதும், கல்லாதவனும் கேட்டறிய வேண்டும் என்று வற்புறுத்துவதும், கேள்வியைத் தனித்த அறிவு வாயிலாக அது மதித்ததைக் காட்டுகின்றன.

கற்றலுக்குச் செவி இன்றியமையாததாக இருந்ததற்கு ஓலைச்சுவடியின் இயல்பும் ஒரு காரணமாகும். சுவடிகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெரிவதில்லை. ரகரமும் நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லாத அத்தகைய ஏட்டை, முன்பே பொருளோடு பாடலைக் கேட்டவரே பிழையின்றிப் படிக்க இயலும். ஆதலால் ஏடு கையிலிருந்தாலும் ஆசிரியரின் குரல் தேவைப்பட்டது.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், மாணாக்கன் நூல் பயிலும் முறையைப் பாயிரத்திலேயே வகுத்துரைக்கிறது. ஒரு பாடத்தை இருமுறை கேட்டவன் பெரும்பாலும் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்டவன் அதை முறையாகப் பிறர்க்கு உரைக்க வல்லவனாவான் என்றும் அது கூறுகிறது. இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது, ஆசிரியரை அடுத்துக் கேட்டலை ஒன்றாகவும், உடன் பயில்வோரிடம் வினாவுதலையும் அவர்கள் வினாவியவற்றுக்கு விடையளித்தலையும் வேறாகவும் அந்நூல் எண்ணுவதாகும். வினவுதலுக்கு உரிய இடம் அப்பயிற்சியில் இருந்தது, ஆனால் அதன் பெயர் கேள்வியன்று.

இம்மரபு 19ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த உ.வே. சாமிநாதையர், 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரிடம் 'பாடம் கேட்டார்' என்பதே தமிழ் வழக்கு. பின்னாளில் சீவக சிந்தாமணி முதலிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய அவரது பணிக்கு, அவ்வாறு கேட்டுப் பெற்ற யாப்புணர்வும் சொல்லறிவும் அடித்தளமாக நின்றன எனலாம்.

அச்சு நூல் பெருகியபின் கேள்வி என்றதும் வினாவே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயினும் செய்தி செவிக்கெட்டுவதைக் 'கேள்விப்படுதல்' என்கிறோம். இசையுலகில் முறையான பாடமின்றிக் கேட்டே ராகங்களை இனங்காணும் திறன் 'கேள்வி ஞானம்' எனப்படுகிறது.