மதுரையின் பெயரால் ஒரு நோய்

மதுரை என்றதும் தமிழ் மாணவர்க்குச் சங்கமும் வையையும் நினைவில் எழும். வைத்திய மாணவர்க்கோ ஒரு நோய் நினைவில் எழும். ‘மதுரைக் கால்’ என்பது அதன் பெயர்.

1842ஆம் ஆண்டில் மதுரையிற் பணிபுரிந்த கில் என்னும் ஆங்கில வைத்தியர் அதனைக் கண்டு எழுதிவைத்தார். 1860இல் பம்பாயிலிருந்த வண்டைக் காட்டர் அது பூஞ்சணத்தால் விளைவதென உணர்ந்து ‘மைசெற்றோமா’ எனப் பெயரிட்டார். எங்கள் பாடநூல்கள் பூஞ்சணத்தைப் பங்கசு என வழங்கும். பற்றீரியாக்களுட் சிலவும் இந்நோயை உண்டாக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மண்ணில் வாழும் இந்நுண்ணுயிர், முள் தைத்த புண்வழியே உடலுட் புகும். கால் மெல்ல வீங்கும். நோவு பெரும்பாலும் இராது. ஆண்டுகள் கழிந்தபின் புரைகள் தோன்றிச் சீழோடு சிறு மணிகள் வெளிப்படும், எலும்பும் அரிக்கப்படும். நோவின்மையால் நோயாளி வைத்தியரை நாடத் தாழ்க்கின்றான். நாடும்போது காலைத் துணிப்பதன்றி வேறு வழியில்லாது போவதும் உண்டு.

2016ஆம் ஆண்டில் எமது நாடு ஆனைக்கால் நோயையும் மலேரியாவையும் ஒழித்ததென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. ஆராய்ச்சியும் பொருளும் ஒருங்கு சேரின் எய்தற்கரியது யாது? அதே ஆண்டிலேதான் மதுரைக் கால், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. புறக்கணிக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்வதற்கே 174 ஆண்டுகள் சென்றன!

காரணம் யாது? இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவரைத் தொற்றுவதில்லை. ஆதலின் நகரத்தார் அஞ்சுவதில்லை. வருந்துவோர் வெறுங்காலோடு உழைக்கும் உழவரும் ஆயரும்; ஆதலின் மருந்து செய்வோர்க்கு ஊதியமில்லை. பங்கசின் உயிரணு நமது உயிரணுவைப் பெரிதும் ஒத்திருத்தலின், நம்மை வருத்தாது அதனை மட்டும் கொல்லும் மருந்து காண்டல் அரிது. அரிய பணிக்கு மிகுந்த பொருளன்றோ வேண்டும்? உலகில் நிகழ்வதோ இதன் மறுதலை. இந்நோய்க்கெனச் சூடான் நாட்டுக் கார்ட்டூமில் 1991இல் எழுந்த ஆராய்ச்சி நிலையமும், 2023இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அழிவுற்றது.

தேமல், படர்தாமரை, சேற்றுப்புண் என நம் முன்னோர் வேறு வேறு பெயரிட்டழைத்த பங்கசு நோய்கள் பல. நாம் அவற்றைச் சிறு தொல்லையென்றே எண்ணிப் பழகிவிட்டோம். 2021இல் இந்தியாவிற் பலருடைய கண்ணையும் உயிரையும் கவர்ந்த கரும்பூஞ்சை அவ்வெண்ணத்தின் பிழையைக் காட்டிற்று. மனிதரை வருத்தும் பங்கசுகளுள் முதன்மையாக ஆராயத்தக்கவை இவையென உலக சுகாதார நிறுவனம் முதன்முறை பட்டியல் வகுத்தது அதற்கு அடுத்த ஆண்டிலேயாம்.

பனங்கருக்கும் முள்ளும் மலிந்த இந்நயினாதீவில், காலிற் செருப்பின்றித் தோட்டத்துக்குச் செல்வோரை இன்றும் காண்கிறேன். முள் தைத்தால் உடனே களைந்து கழுவுங்கள் என மாணவர்க்கு யான் கூறலாம். அதற்குமேல் ஓர் ஆசிரியனால் ஆவதில்லை. நோயை விரைந்து அறியும் சோதனையும் எளியோர் வாங்கத்தக்க மருந்தும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் பொருள் ஒதுக்கினாலன்றி வாரா. நோய்க்குப் பெயர் தந்தது தமிழ் மண். அதனைத் தீர்க்கும் முயற்சியிலும் மதுரையும் யாழ்ப்பாணமும் முன்னிற்றல் தகும்.