புது டீசல் காரில் ஒரு மஞ்சள் விளக்கு

2020 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ்.6 விதி வந்தபின் வாங்கிய டீசல் கார்களில், புகைக்குழாயின் வழியில் ஒரு வடிகட்டி உண்டு. டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் அறைகள். கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காபி ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அடுப்பில் காட்டித் துளைகளைத் திறப்போமே, இங்கும் அதே வைத்தியம்தான். சுமார் 600 டிகிரி சூட்டில் கரி எரிந்துபோகும்.

ஆர்.கே.புரத்திலிருந்து கரோல்பாக் வரை ஊர்ந்து போனால் அந்தச் சூடு வராது. இஞ்சின் தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்துச் சூட்டை ஏற்றப் பார்க்கும். அதற்குள் வீடு வந்துவிட, நாம் வண்டியை அணைத்துவிடுகிறோம். எரியாத டீசல் இஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கிறது. ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், மாற்றிவிடுங்கள். சாம்பல் குறைந்த ரகமாகவே கேட்டு வாங்குங்கள், சாம்பல் எரியாது.

விளக்கு நிலையாக எரிந்தால் ஆக்ரா விரைவுச்சாலைப் பக்கம் 15, 20 நிமிஷம், 60 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் இஞ்சினை உறுமவிட்டால் கரிதான் சேரும். விளக்கு மினுக்கினாலோ, இஞ்சின் விளக்கும் கூட எரிந்தாலோ தாமதியாமல் பணிமனைக்குப் போக வேண்டியதுதான். புது ஃபில்டரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மட்டும் ஓட்டுகிற குடும்பத்துக்குப் பெட்ரோல் காரே போதும் என்பது என் அபிப்பிராயம். ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அது சட்டவிரோதம், அந்தக் கரி நம் குழந்தைகளின் மூச்சுக்குள்தான் போகும்.