எகிப்திய மாதரும் ஒரு சொல்லும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அன்பர் ஒருவர், "அரபு நாடுகளில் பெண்களுக்கு ஏது உரிமை? அங்கெல்லாம் அப்படித்தான்" என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். நானும் அசைத்திருப்பேன். அதற்கு இரு வாரம் முன்பு எங்கள் விடுதியில் நடந்த ஓர் உரையாடலே என்னைத் தடுத்தது.

விடுதியில் எனக்கு அடுத்த அறையில் கெய்ரோ நகரத்துத் தோழி ஒருவர் தங்கி இரசாயன ஆராய்ச்சி செய்துவருகிறார். ஒரு மாலை நகரப் பேருந்திலிருந்து இறங்கி முகம் வெளிறி வந்த என்னை நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். நெரிசலில் ஒருவன் கை செய்த வேலை அது, விரித்துரைக்க வேண்டுவதில்லை. கேட்டு முடித்தபின், "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம் பத்திரிகைகள் "சில்மிஷம்" என்கின்றன. ஊரில் "கிண்டல்" என்பர். படித்தவர்கள் "ஈவ் டீசிங்" என்பர். மூன்றுக்கும் பொருள் சொன்னேன்: குறும்பு, பரிகாசம், ஏவாளைச் சீண்டுதல். தோழி சிரித்துவிட்டார். "எங்களிடமும் இப்படி ஒரு சொல் இருந்தது. அதை ஒழிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன" என்றார்.

அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததையும் இங்கு எழுதுகிறேன். அரபுக் கூட்டமைப்பில் 22 நாடுகள் உண்டு. ஒரு நாட்டின் நிலை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே அவற்றுள் மக்கள்தொகை மிகுந்த எகிப்தையே பெரிதும் எடுத்துக்கொள்கிறேன்.

எகிப்தியப் பெண்கள் வீதிக்கு வந்தது நேற்றல்ல. 1919-ல் பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்து அவர்கள் கெய்ரோ வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அதில் முன்னின்ற ஹுதா ஷஅராவி 1923-ல் எகிப்தியப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு ரோம் நகர மாநாட்டிலிருந்து திரும்பியபோது, கெய்ரோ ரயில் நிலையத்தில் தம் முகத்திரையை நீக்கினார். 1951-ல் தோரியா ஷஃபீக் சுமார் 1500 பெண்களோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்து வாக்குரிமை கேட்டார். 1954-ல் உண்ணாவிரதம் இருந்தார். 1956-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. மறு ஆண்டே, நாஸர் ஆட்சியை எதிர்த்த குற்றத்துக்காக அதே தோரியா ஷஃபீக் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். உரிமையைக் கொடுப்பது, கேட்டவரை அடைப்பது: இந்த இரட்டை நடையை நாம் மீண்டும் காண்போம்.

வாக்குச் சாவடிக்குப் போக உரிமை வந்தது. போகும் வழியில் நேர்வதற்கு என்ன பெயர்? "முஆக்கசா" என்றார்கள். சீண்டல் என்று பொருள். வாலிபன் ஒருத்தியிடம் இனிக்க இனிக்கப் பேசினாலும் முஆக்கசா. பேருந்தில் அவள் உடலைத் தொட்டாலும் முஆக்கசா. விளையாட்டைப்பற்றி எவள்தான் போலீசில் புகார் எழுதிக்கொடுப்பாள்?

2005-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி, அரசியல் சட்டத் திருத்தத்துக்கான வாக்கெடுப்பு நாளன்று, எதிர்ப்புத் தெரிவித்த பெண்களும் பெண் பத்திரிகையாளரும் கெய்ரோ நடுவீதியில் ஆடை கிழிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். "கறுப்புப் புதன்" என்று அந்நாள் நினைவுகூரப்படுகிறது. 2006-ல் ரம்ஜான் பெருநாளன்று, நகரின் மையத்திலே ஆடவர் கூட்டம் பெண்களைத் துரத்தித் துன்புறுத்தியது. கண்ட இளைஞர் சிலர் படத்தோடு எழுதி வெளியிட்டனர். அதிகாரிகளோ, அப்படி ஒரு புகாரும் தங்களுக்கு வரவில்லை என்றனர். பெயரற்ற குற்றத்துக்குப் புகார் எங்கிருந்து வரும்? இந்த ஆண்டுகளிலேதான் பெண்கள் இயக்கத்தார் பழைய சொல்லை விலக்கிவிட்டு, "தஹர்ருஷ்" என்ற சொல்லை எழுத்திலும் பேச்சிலும் ஓயாமல் பயன்படுத்தலாயினர். தஹர்ருஷ் என்பது துன்புறுத்தல். அதில் விளையாட்டு இல்லை.

2008-ல் எகிப்தியப் பெண்ணுரிமை மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. விசாரிக்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 83 சதவீதம் பேர் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். ஆடவரில் 62 சதவீதம் பேர் தாங்களே செய்ததாக ஒப்புக்கொண்டனர்! முக்காடு அணிந்தவரும் தப்பவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அப்படியிருந்தும் அவ்வாண்டுதான் ஒரு விளம்பரப் படம் அந்நாட்டில் மின்னஞ்சல் வழியே உலவியது: காகிதம் சுற்றிய மிட்டாய் ஒன்று, சுற்றாத மிட்டாய் ஒன்று, சுற்றாததன்மேல் ஈக்கள். பெண் மிட்டாய், ஆண் ஈ. ஆண்மக்களுக்கு இதைவிட அவமானம் ஏது என்று எனக்குத் தோன்றியது. அந்நாட்டு ஆடவரில் எத்தனை பேர் கோபித்தார்களோ!

அதே 2008-ல், வேன் ஓட்டிச் சென்ற ஒருவன் தெருவில் நடந்த ஓர் இளம்பெண்ணின் உடலைப் பற்றினான். அப்பெண் விடவில்லை. "போகட்டும், விட்டுவிடம்மா" என்றவர்களுக்குச் செவிகொடாமல் அவனைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நீதிமன்றம் அவனுக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. எகிப்து முழுவதும் பேசப்பட்ட வழக்கு இது. எனினும் அப்போது சட்டப் புத்தகத்தில் "தஹர்ருஷ்" என்ற சொல் இல்லை. மானபங்கம் என்ற பிரிவிலேயே தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

2010 இறுதியில் "ஹராஸ்மேப்" என்ற அமைப்புத் தோன்றியது. துன்புறுத்தப்பட்டவள் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால், நேர்ந்த இடம் தேசப்படத்தில் ஒரு புள்ளியாக விழும். தொண்டர்கள் அப்புள்ளி விழுந்த தெருவுக்குப் போய்க் கடைக்காரரிடமும் வாயிற்காவலரிடமும் பேசுவார்கள்: "உங்கள் கண்ணெதிரே நடக்கும்போது சும்மா இராதீர்கள்." சட்டத்தையும் போலீசையும் எதிர்பாராமல் தெருவையே மாற்றப் பார்த்த முயற்சி இது.

2013-ல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு நடத்திய ஆய்வில் அந்த 83, 99.3 ஆயிற்று. ஐந்தாண்டில் இத்தனை சீர்கேடா என்று பத்திரிகைகள் அலறின. விஞ்ஞானம் பயில்பவள் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. கேட்கப்பட்டவர் வேறு, கேட்ட வினா வேறு எனில் இரண்டு எண்களைக் கழித்துப் பார்ப்பது அளவை ஆகாது. அளவுகோலும் இடையில் மாறிவிட்டது. முன்பு "அது சும்மா சீண்டல்" என்று எண்ணி இல்லையென்றவள், இப்போது அதற்குப் பெயர் தெரிந்து ஆம் என்றிருக்கலாம். எண் ஏறியதில் ஒரு பகுதி குற்றத்தின் ஏற்றம், ஒரு பகுதி வாய் திறந்ததன் ஏற்றம். எது எவ்வளவு என்று பிரிக்க அந்த எண்களால் முடியாது.

2011 புரட்சியின்போது தஹ்ரீர் சதுக்கத்தில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்றதை உலகம் கண்டது. முபாரக் வீழ்ந்த மறு மாதமே, மார்ச் 9-ஆம் தேதி, அங்கே பிடிபட்ட பெண்களுக்கு இராணுவத்தார் கன்னிமைச் சோதனை நடத்தினர். அவர்களுள் ஒருவரான சமீரா இப்ராஹிம் வழக்காடி, அச்சோதனைக்கு டிசம்பரில் தடை பெற்றார். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவ மருத்துவர் 2012-ல் விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் சதுக்கத்தில் கூட்டத் தாக்குதல்கள் பெருகின. ஒருத்தியைச் சூழ்ந்து வளையத்துக்குள் வளையமாக ஆடவர் நெருக்குவர். காப்பாற்ற வருபவன் யார், தாக்குபவன் யார் என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. 2012 நவம்பரில் இளைஞரும் இளம்பெண்களும் தொண்டர் படைகள் அமைத்தனர். ஒரு குழு வளையத்தைப் பிளந்து உள்ளே போகும். ஒரு குழு மாற்றுடையோடும் மருந்தோடும் காத்திருக்கும். வளையத்தைப் பிளக்கப் போனவர்களுள் பெண்களும் இருந்தனர் என்று தோழி அழுத்திச் சொன்னார். செய்திப் படங்களில் ஆண்களே தெரிகிறார்களாம்.

2014 ஜூனில்தான் அச்சொல் தண்டனைச் சட்டத்தில் ஏறியது. குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது அபராதம். 2021-ல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. (தமிழ்நாட்டில் 1998-ல் இயற்றிய சட்டம் "ஈவ் டீசிங்" என்ற பெயரோடேயே பிறந்து, பின்புதான் "பெண்ணைத் துன்புறுத்தல்" என மாறியது. நாமும் அந்த வழியில்தான் வந்தோம்.)

அச்சொல்லுக்கு ஒரு விபத்தும் நேர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2015-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பெண்கள் கூட்டமாகத் தாக்கப்பட்டபோது, அந்நாட்டுப் போலீசார் "தஹர்ருஷ்" என்ற அரபுச் சொல்லை எடுத்துக்கொண்டனர். ஏதோ அரபு மக்களின் வழக்கத்துக்குப் பெயர் அது என்பதுபோல ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. குற்றத்தை எதிர்க்கப் பெண்கள் ஏந்திய சொல், அவர்கள் இனத்தின்மேலேயே குற்றமாகச் சுமத்தப்பட்டது. நம் அன்பரின் "அங்கெல்லாம் அப்படித்தான்" எனக்கு இதையே நினைவூட்டிற்று.

சவூதி அரேபியாவைப்பற்றி ஒன்று மட்டும். 2018 மே மாதத்தில் அங்கே துன்புறுத்தல் தடைச் சட்டம் வந்தது. பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்குப் போராடிய லுஜைன் அல்-ஹத்லூல் முதலியோர் கைதானதும் அதே மே மாதத்தில்தான். கார் ஓட்டும் தடை அடுத்த மாதம் நீங்கியது. அப்போது அவர் சிறையில் இருந்தார்.

2020 ஜூலையில், கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்ற 22 வயது மாணவி நதீன் அஷ்ரஃப், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, ஓர் இளைஞன்மீது பல பெண்கள் கூறிய குற்றச்சாட்டுகளைத் திரட்டினார். அவன் தண்டிக்கப்பட்டான். புகார் செய்பவரின் பெயரை மறைத்துக் காக்கும் சட்டம் அடுத்த மாதமே வந்தது. ஆனால் அவ்வாண்டு வெளிவந்த இன்னொரு வழக்கில், ஒரு ஓட்டலில் நடந்த கொடுமைக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களே கைதாயினர். சான்று போதவில்லையென்று 2021-ல் அவ்வழக்கு மூடப்பட்டது. "அதனால்தான் என் தங்கை இன்னும் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை" என்றார் தோழி. மேற்கொண்டு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, தமிழில் சரியான சொல் கிடைத்ததா என்று கேட்டார். "பாலியல் துன்புறுத்தல்" என்றேன். இரண்டு மூன்று முறை நாவில் உருட்டிப் பார்த்தார். "பேருந்தில் கத்துவதற்குச் சற்று நீளமாயிற்றே" என்றார்.