தாழ்த்திய காரின் பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வது ஏன்? ‘ஆர்ம்’ மாற்றினால் சரியாகிவிடுமா?

வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு போலத்தான் இருக்கும். காரை லிஃப்ட்டில் ஏற்றி, உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவினால்தான் விஷயம் தெரியும். அங்கே ரப்பர் வழவழவென்று இருக்கும். சில டயர்களில் உள்ளே இருக்கும் கம்பியே எட்டிப் பார்க்கும். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்த பெர்ஃபார்மன்ஸ் கார்களின் பின் சக்கரங்களுக்கு அடிக்கடி நேரும் கதி இது.

இதற்குத் தீர்வாக விற்கப்படுபவைதான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கொண்ட பின் சஸ்பென்ஷன் ஆர்ம்கள். “ஆர்ம் போட்டுட்டா எல்லாம் செட் ஆயிடும்” என்று கார் பிரியர்கள் சொல்வதுண்டு. உண்மையில், ஆர்ம் தானாக எதையும் சரிசெய்வதில்லை. சரிசெய்ய இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மீதி எல்லாம் அதைப் பொருத்தும் விதத்திலும், அதன்பின் செய்யும் அலைன்மென்ட்டிலும்தான் இருக்கிறது.

எல்லா கார்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே உத்தரம் போல இணைக்கும் ‘டார்ஷன் பீம்’ அமைப்புதான் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் இருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட்டில் தொடங்கி, 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ வரை இதே கதைதான். இவற்றில் தனித்தனி ஆர்ம்கள் கிடையாது. அதனால் மாற்றவும் எதுவும் இல்லை.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2025-ல் இங்கே வந்த கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் இருப்பது ‘மல்ட்டி லிங்க்’. ஒவ்வொரு பின் சக்கரத்தையும் நான்கு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. நீளவாக்கில் ஒன்று சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் தடுக்கிறது. குறுக்குவாக்கில் உள்ள மூன்றும் சேர்ந்து சக்கரத்தின் சாய்வையும் திசையையும் தீர்மானிக்கின்றன. குறுக்கு ஆர்ம்களில் பெரியதான கீழ் ஆர்மின் மேல்தான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். காரின் பின்பக்க எடையைத் தாங்குவது அதுதான்.

உயரம் குறைந்தால் சக்கரம் ஏன் சாய்கிறது?

காரின் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதற்குப் பெயர் நெகட்டிவ் கேம்பர். மேல் ஆர்ம், கீழ் ஆர்மைவிடக் குட்டையாக இருக்கும். சக்கரம் மேலே எழும்போது குட்டையான ஆர்ம் சின்ன வட்டத்தில் சுற்றுவதால், சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துவிடுகிறது.

இது வடிவமைப்புக் கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்தது. வளைவில் கார் ஒருபக்கம் சாயும்போது, வெளிப்பக்கச் சக்கரம் சாலையில் தட்டையாகப் பதிய இந்தச் சாய்வு தேவை. ஆனால், லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ. இறக்கினால், நேர் சாலையில் போகும்போதே சக்கரம் அந்தச் சாய்வான நிலைக்கு வந்துவிடுகிறது. வளைவுக்கு மட்டும் வர வேண்டிய சாய்வு நிரந்தரமாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 225 மி.மீ. அகல டயர் 2 டிகிரி சாய்ந்தால், டயர் நெகிழாத பொருளாக இருக்கும்பட்சத்தில் வெளி ஓரம் சுமார் 8 மி.மீ. மேலே தூக்கி நிற்கும். ரப்பர் நசுங்குவதால் அந்த அளவுக்குத் தூக்காது. ஆனாலும், எடையில் பெரும்பங்கை உள் ஓரமே சுமக்கும்.

உண்மையான வில்லன் யார்?

பலரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். ஆனால், டயரை வேகமாகத் தின்பது ‘டோ’. மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம் அது. காலில் செருப்பைக் கொஞ்சம் கோணலாக வைத்து இழுத்து இழுத்து நடப்பது போல.

ஒரு சக்கரம் 1 டிகிரி கோணலாக இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். கால் டிகிரி என்றாலும் 4 மீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து மதுரை வரை போனால் எவ்வளவு ரப்பர் போகும் என்று யோசித்துப் பார்க்கலாம்! இதோடு கேம்பரும் சேர்ந்தால், அத்தனை உரசலும் உள் ஓரத்திலேயே விழும்.

காரைத் தாழ்த்தும்போது கேம்பர் மட்டுமின்றி டோவும் மாறும். பின் சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது காரின் பின்பக்கம் அலைபாயும். உள் ஓரம் வழுக்கையான டயரோடு மழைத் தண்ணீர் தேங்கிய நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய கோடுகள் அந்த இடத்தில் இல்லாததால், டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும்.

ஆர்ம் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு அலைன்மென்ட் ரிப்போர்ட். ஆக்டேவியா, கோல்ஃப் போன்ற கார்களில் கம்பெனியே பின்பக்கம் கேம்பரையும் டோவையும் ஓரளவு மாற்றும் வசதி கொடுத்திருக்கிறது. மையம் விலகிய தட்டு வைத்த போல்ட்டைத் திருப்பினால் ஆர்மின் முனை சில மில்லிமீட்டர் நகரும். 25, 30 மி.மீ. மட்டும் இறக்கிய காருக்குப் பல நேரங்களில் இதுவே போதும். அந்த போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் கோணம் வரம்புக்குள் வரவில்லை என்றால்தான் ஆர்முக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

தேவைப்படும் மாற்றமும் பெரிதல்ல. மேல், கீழ் இணைப்புகளுக்கு நடுவே 300 மி.மீ. இடைவெளி இருந்தால், 1 டிகிரி கேம்பரை மாற்ற ஆர்மின் நீளத்தில் சுமார் 5 மி.மீ. போதும். அதனால்தான் ‘கண்ணளவில்’ செட் செய்வது இங்கே உதவாது.

அடுத்து, முனைகளில் இருக்கும் புஷ். மூன்று வகை உண்டு:

● ரப்பர்: சத்தம் இல்லை, அதிர்வைத் தாங்கும். தினசரி ஓட்டும் காருக்கு வசதி. வளைவில் கொஞ்சம் நெகிழும்.

● பாலியூரித்தேன்: கெட்டியானது, கோணம் அவ்வளவாக மாறாது. கிரீஸ் காய்ந்தால் ‘கீச் கீச்’ என்று கத்தும். பல திசையில் முறுக வேண்டிய இடத்தில் போட்டால் அசைவையே தடுக்கும்.

● உலோக உருண்டை மூட்டு: ரேஸ் காருக்கானது. நெகிழ்வே இல்லை. ஆனால் சாலையின் ஒவ்வொரு சத்தமும் கேபினுக்குள் வரும். தூசியும் மழைநீரும் புகுந்தால் சீக்கிரமே ஆட்டம் கொடுக்கும்.

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓடும் காருக்கு மூன்றாவது வகை தேவையே இல்லை. எடை தாங்கும் கீழ் ஆர்மைப் பெயர் தெரியாத பிராண்டில், வெல்டிங் தரம் தெரியாமல் வாங்குவது அதைவிட ஆபத்து. அது உடைந்தால் சக்கரம் நிலைகுலைந்துவிடும்.

பொருத்தும்போது எங்கே தப்பு நடக்கிறது?

முதல் எச்சரிக்கை ஸ்பிரிங். கீழ் ஆர்மைக் கழற்றும்போது, அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்து வந்தால் கை எலும்பை முறித்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அழுத்தத்தை எடுத்தபிறகே போல்ட்டைத் தொட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

பழைய ஆர்மைக் கழற்றியதும், ஒரு முனை ஓட்டையின் மையத்திலிருந்து மறுமுனை மையம் வரை அளந்து, புதிய ஆர்மையும் அதே நீளத்தில் வைத்துப் பொருத்துவது நல்லது. அப்போதுதான் அலைன்மென்ட் கடை வரைக்கும் காரை நேராக ஓட்டிப் போக முடியும். நீளத்தைக் கூட்டும்போது திருகு எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவைத் தாண்டக் கூடாது. நுனியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடித்திருக்கும் திருகு, ஒரு பெரிய பள்ளத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுசாக முறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழாயும் வெளி வளையமும் நடுவில் உள்ள ரப்பரோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கார் ஓடாமல் நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. விளைவு, புது புஷ் சீக்கிரமே கிழியும்.

சரியான வழி எளிதுதான். காரைத் தூக்கும் முன்பே, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதே அளவு வரும்வரை தூக்கி, அந்த நிலையில் டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் சில போல்ட்கள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை. அவற்றைத் திரும்பப் போடாமல் புதியது வாங்க வேண்டும்.

இன்னும் ஒன்று. தானாக உயரத்தைச் சரிசெய்யும் ஹெட்லைட் உள்ள கார்களில், பின்பக்க உயரத்தை அளக்கும் சென்சார் ஆர்மோடு இணைந்திருக்கும். அதைப் புதிய ஆர்மில் சரியாக மாட்டி, அளவீடு செய்யாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும்.

அலைன்மென்ட்டில் எதை முதலில் செய்ய வேண்டும்?

“முன்னாடி மட்டும் பாருங்கண்ணா போதும்” என்பது இங்கே செல்லாது. முதலில் பின் கேம்பர், அடுத்து பின் டோ, கடைசியில்தான் முன்பக்கம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இந்த வரிசை. பின் சக்கரங்களின் டோ இருபுறமும் சமமாக இல்லாவிட்டால், நேராகப் போகவே ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டிவரும். கார் நண்டு போலச் சாய்ந்து ஓடும். கேமரா, ரேடார் உதவியோடு ஓடும் புதிய கார்களில் அவற்றையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டியிருக்கும்.

மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த ரிப்போர்ட் இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் லாக் நட்களைத் திரும்பச் சோதிக்க வேண்டும். நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், அது நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. “ஆர்சி புக்கில் ஆர்ம் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்று சிலர் கேட்கலாம். ஆனால், 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் உதிரிபாகம் பொருத்துவதையும் குறிப்பிட்டே சொல்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் க்ளெய்மில் சிக்கல் எழவும் வாய்ப்புண்டு. வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

ஏற்கெனவே காரைத் தாழ்த்தியவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. டயரின் கோடுகளுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பின் டயரின் உள் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, தேய்ந்த ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்திருந்தால் டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கோணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மட்டும் போட்டால், அதன் உள் ஓரமும் இதே வழியில்தான் போகும்.