நடந்தால் நோய் முற்றாது!

என் நாத்தனாருக்கு, 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு நோய். நரம்பைச் சுற்றியுள்ள உறையை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்து விடுகிறதாம். மேலுறை பிய்ந்த கரன்ட் ஒயர் மாதிரி!

எங்க ஊர் காபித் தோட்டத்து மேட்டில் ஏறினாலே, அவளுக்குக் கண் மங்கும்; கால் மரத்துப் போகும். 'நடந்து நடந்துதான் நோய் முத்துது'ன்னு, நானும் மாமியாரும் அவளைப் படுக்க வைத்து விட்டோம். ஆறே மாதத்தில் கால் சூம்பி, எழுந்து நிற்கவே தடுமாறினாள்.

நரம்பு டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊர் குளிர்ந்தாலும், ஏறி நடந்தால் உடம்பு சூடேறும். அப்போது பழுதான நரம்பில் சேதி போவது தடைப்படும். ஜெர்மன் கண் டாக்டர் உட்ஹாஃப், 1890லேயே இதை எழுதியிருக்கிறார். உடம்பு குளிர்ந்ததும் சரியாகி விடும். நோய் கூடியதாக அர்த்தமில்லை. 1996ல் அமெரிக்காவில், 15 வாரம் பயிற்சி செய்த நோயாளிகளுக்குக் கை, கால் பலம் கூடியதாம்.

இப்போது டாக்டர் யோசனைப்படி, வெயில் ஏறும் முன் சமதளத்தில் கால் மணி நேரம் நடக்கிறாள். கண் மங்கினால் உட்கார்ந்து, ஈரத்துணியால் முகம், கழுத்தைத் துடைத்துக் கொள்கிறாள். ஒரு நாள் முழுக்க மாறாவிட்டால், புதுத் தாக்குதலாக இருக்கலாம்; உடனே டாக்டரிடம் போகணும்.

அக்கறை என்ற பேரில், நோயாளியை மூலையில் முடக்கிப் போடாதீங்க சகோதரிகளே... நாங்க செய்த தப்பை நீங்க செய்ய வேண்டாம்!

— ஒரு வாசகி, ஆடலூர்.