அவசர அழைப்பும் இணையத் தொலைபேசியும்: சட்டம் ஏன் தலையிட்டது?

தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், “நேரம் மிச்சம், செலவு குறைவு, ஆனால் கண் கெடும்” என்று எழுதி முடித்துவிடுகிறோம். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் விவாதக் கட்டுரைக்கும் பயன்படும் வலுவான எடுத்துக்காட்டு ஒன்றை இங்கே பார்ப்போம்.

1. கம்பியும் முகவரியும்

பழைய வீட்டுத் தொலைபேசியின் கம்பி ஒரு வீட்டுச் சுவரில் போய் முடியும். அதனால் எண் தெரிந்தால் வீடும் தெரியும். அமெரிக்காவில் 911-க்கு அழைத்தால், அழைப்பவர் பேச முடியாமல் மயங்கி விழுந்தாலும், பெரும்பாலான இடங்களில் முகவரி அதிகாரியின் கணினித் திரையில் வந்துவிடும். மின்சாரம் போனாலும் அந்தத் தொலைபேசி வேலை செய்யும். தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வரும்.

இணையத் தொலைபேசி அப்படி இல்லை. அது குரலைத் தரவாக மாற்றி இணையம் வழியே அனுப்புகிறது. கருவியைப் பெட்டியில் போட்டு வேறு ஊருக்குக் கொண்டு போனாலும் அதே எண் வேலை செய்யும். வசதிதான்! ஆனா, அந்த எண் இப்போ எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மின்சாரமோ இணையமோ போனால் தொலைபேசியும் போச்சு.

2. ஹூஸ்டனில் நடந்தது

2005 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர்கள் புகுந்து, பெற்றோர் இருவரையும் சுட்டார்கள். அவர்களின் பதின்ம வயது மகள் இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தாள். அந்த எண்ணுக்கு இங்கிருந்து அழைக்க இயலாது என்ற பதிவுக் குரல்தான் கேட்டது. பக்கத்து வீட்டுக்கு ஓடித்தான் உதவி கேட்க வேண்டியிருந்தது. பெற்றோர் உயிர் பிழைத்தனர். அடுத்த மாதமே டெக்சஸ் மாநில அரசு வழக்கறிஞர் அந்தச் சேவை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 911 வசதியைத் தனியாகப் பதிந்து பெற வேண்டும் என்பதை நிறுவனம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு.

3. விதிகள் சொன்னவை

2005 மே 19-ஆம் நாள் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் புதிய விதிகளை ஏற்றது. சாதாரணத் தொலைபேசிகளை அழைக்கவும் அவற்றிலிருந்து அழைப்பு பெறவும் முடிகிற இணையச் சேவைகளுக்கு இவை பொருந்தும்.

• 911 வசதியை எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்ற தெரிவு கிடையாது.
• வாடிக்கையாளரின் முகவரியைப் பதிந்து, அழைப்போடு உள்ளூர் அவசர மையத்துக்கு அனுப்ப வேண்டும்.
• முகவரியை மாற்றிக்கொள்ள எளிய வழி இருக்க வேண்டும்.
• சேவையின் குறைகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம். “வளரும் தொழில்நுட்பத்தின் கழுத்தை நெரிக்கலாமா?” என்ற எதிர்ப்பும் எழுந்தது. ஆனால், தொலைபேசி மாதிரியே இருக்கும் ஒரு கருவியைத் தொலைபேசி என்று நம்பித்தானே மக்கள் எடுக்கிறார்கள்? ஆபத்து நேரத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

4. சட்டம் எட்டாத இடம்

கனடாவிலும் 2005-இலேயே விதி வந்தது. இருந்தும் 2008-இல் கால்கரி நகரில் 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு உடல்நிலை மோசமானபோது, இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் போனதோ, குடும்பம் முன்பு குடியிருந்த மிசிசாகாவுக்கு. அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். நிறுவனத்தின் பதிவில் பழைய முகவரியே இருந்தது. குழந்தை இறந்துவிட்டது.

ஆக, சட்டம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தலாம்; ஆனால் பதிவில் உள்ள முகவரி பழையதாக இருந்தால் சட்டம் இருந்தும் பலனில்லை.

5. நமக்கு என்ன?

மலேசியாவில் அவசர எண் 999. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 995. புலனம் (வாட்ஸ்அப்) வழியாக இந்த எண்களை அழைக்க முடியாது. கைப்பேசியின் வழக்கமான அழைப்புப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். யார் எடுத்தாலும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பெயர், நடந்தது எல்லாம் பிறகு. இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் உதவி வந்து சேரும். வகுப்பில் ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டு முகவரியைத் தடுமாறாமல் சொல்ல வைத்துப் பாருங்கள், ஆசிரியர்களே. எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அருஞ்சொற்கள்
அவகாசம் – கொடுக்கப்பட்ட காலம்
கூட்டரசு – பல மாநிலங்கள் சேர்ந்த அரசு
தெரிவு – தேர்ந்தெடுக்கும் உரிமை

பயிற்சி
1. பழைய தொலைபேசியில் இருந்த எந்த இரண்டு பாதுகாப்புகள் இணையத் தொலைபேசியில் இல்லை?
2. ஹூஸ்டன், கால்கரி நிகழ்வுகளில் தவறு நேர்ந்த இடம் எது? ஒப்பிடுக.
3. ‘புதிய தொழில்நுட்பத்திற்குச் சட்டக் கட்டுப்பாடு தேவை.’ விவாதித்து எழுதுக.